வட்டச் சின்னத்தின் அடியில் வெள்ளி மினுமினுப்பு

1/72 அளவு ஸ்பிட்ஃபயர் போர்விமான மாடலின் இறக்கையில் ஒட்டிய வட்டச் சின்னத்தின் ஓரமெங்கும், சாய்ந்த வெளிச்சத்தில் வெள்ளி மினுமினுப்பு தெரிந்தது. ஈரத்துணியால் அழுத்தினேன். டெக்காலை, அதாவது சின்னம் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படலத்தை, இளக்கும் திரவத்தை மேலே திரும்பத் திரும்பப் பூசினேன். நான்கு நாள் வீணாயிற்று.

பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது: ஒட்டியபோது, ஈரம் இருந்தவரை மினுமினுப்பே இல்லை, காய்ந்த பிறகே வந்தது. ஆகவே அது பசைக் கறை அல்ல, பளபளப்பில்லாத மேட் பெயிண்டின் சொரசொரப்பில் சிக்கிய காற்று.

மிக மெல்லிய ஊசியால் வெள்ளி தெரிந்த இடங்களில் மட்டும் குத்தி, துளைகளின் மேல் அதே திரவத்தைத் தூரிகை நுனியால் தொட்டு வைத்தேன். அது உள்ளே இறங்க இறங்க மினுமினுப்பு கண்ணெதிரே மங்கியது. மூன்று மாலைகளில் முழுவதும் மறைந்தது. விமானத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் பேனல் கோடுகள்கூடச் சின்னத்தின் மேல் தெளிந்தன. பெரிய நிம்மதி!

மறு இறக்கையில் பளபளப்பு வார்னிஷ் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்டினேன். ஊசியை எடுக்கவே தேவைப்படவில்லை.