டோக்கியோவில் ராத்திரி வெளியே போகும்போது தெருவில் கூப்பிடுபவர் பின்னால் போகாதீர்கள்

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்து, இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கும் நிஷிகசாயில் வீடு பார்த்து, வார்டு அலுவலகத்தில் முகவரி பதிந்து, வங்கிக் கணக்கு, சிம் எல்லாம் முடித்திருப்பீர்கள். அதற்கெல்லாம் கம்பெனியிலேயே உதவிக்கு ஆள் உண்டு. முதல் சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை ஷிஞ்ஜுகு பக்கம் போவீர்களே, அதைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. ஒரே ராத்திரியில் 82,000 யென் போனது.

முதலில் சின்ன விஷயங்கள். இங்கே தங்கும் வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள அட்டையான ரெசிடென்ஸ் கார்டு எப்போதும் கையில் இருக்க வேண்டும், அது சட்டம். மது குடிக்க 20 வயது ஆகியிருக்க வேண்டும். டிப்ஸ் கிடையாது. பாரில் உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலே ஒரு குட்டிக் கிண்ணத்தில் ஏதாவது வைப்பார்கள், அதற்குப் பெயர் ஒதோஷி. அது இலவசம் இல்லை, சில நூறு யென் பில்லில் ஏறும், ஆனால் ஏமாற்று வேலையும் இல்லை, இங்கே வழக்கமே அதுதான். ஷிஞ்ஜுகுவில் கோல்டன் காய் என்ற பகுதியின் சந்துகளில் ஏழெட்டுப் பேர் உட்காரும் குட்டி பார்களில் உட்காரவே தனிக் கட்டணம் வாங்குவார்கள். பல கடைகளில் வாசலிலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டு நுழையுங்கள்.

கேம் சென்டர்களுக்குக் கட்டாயம் போங்கள். அகிஹபாராவில் ஹே என்று ஒரு இடம் இருக்கிறது, 1978-இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கொண்டு வந்த டைட்டோ கம்பெனியுடையது. பழைய ஷூட்டிங் கேம் மெஷின்களை இன்றும் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். 100 யென் காசைப் போட்டு அந்தக் குச்சியைப் பிடித்தபோது, சிம்மக்கல் பக்கம் ஒரு ரூபாய்க்கு வரிசையில் நின்று விளையாடிய வீடியோ கேம் கடையும், தேடிக்கொண்டு வந்து காதைத் திருகி இழுத்துப் போன அப்பாவும் நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. நோட்டை மாற்ற அங்கேயே மெஷின் இருக்கும். இரவு 10 மணிக்கு மேல் 18 வயதுக்குக் கீழ் யாரையும் விட மாட்டார்கள், தம்பியைக் கூட்டிக்கொண்டு போனால் கவனம்.

கேம் சென்டரை விடிய விடிய நடத்த இங்கே சட்டம் அனுமதிக்காது, பெரும்பாலும் நள்ளிரவுக்குள் மூடிவிடுவார்கள். கடைசி ரயிலும் கிட்டத்தட்ட அந்த நேரம்தான். பணம் போன அன்று இரண்டையும் விட்டுவிட்டு நானும் நண்பனும் ஷிஞ்ஜுகுவின் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில் நின்றோம். நல்ல ஆங்கிலம் பேசிக்கொண்டு ஒருவர் வந்தார், ஒரு மணி நேரம், எவ்வளவு குடித்தாலும் 3,000 யென் என்றார். ஐந்தாவது மாடிக்கு லிப்டில் கூட்டிப் போனார். மெனுவில் விலையே இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் குடித்தது, ஐஸ், சர்வீஸ் என்று எல்லாவற்றையும் எங்கள் கணக்கில் எழுதி 82,000 என்று நீட்டினார்கள். வாசலில் இரண்டு பேர் நின்றுகொண்டார்கள். பயத்தில் கார்டைக் கொடுத்தேன், பின் நம்பரையும் நானே அழுத்தினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. நீங்களே பின் நம்பர் போட்டிருக்கிறீர்கள், பணத்தைத் திருப்ப முடியாது என்று கார்டு கம்பெனி கையை விரித்துவிட்டது.

மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எங்கண்ணே போகணும் என்று வருபவரிடம் எவ்வளவு உஷாராக இருப்போம்! இங்கே ரயிலில் விட்ட குடை மூன்றாம் நாள் என் கைக்குத் திரும்பி வந்தது. அப்படிப்பட்ட ஊரில் யார் ஏமாற்றப் போகிறார்கள் என்று அசட்டையாகிவிடுகிறோம், அவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். கபுகிச்சோ தெருவில் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப ஒரு அறிவிப்பு ஓடும். தெருவில் கூப்பிடுபவர்களை, அதாவது க்யாக்குஹிகிகளை, நம்பிப் போகாதீர்கள் என்றுதான் அதில் சொல்கிறார்கள். எனக்கு அன்று அந்த அளவு ஜப்பானிய மொழி தெரியாது.

அதனால், தெருவில் கூப்பிடுபவர் என்ன விலை சொன்னாலும், தமிழிலேயே பேசினாலும் நிற்காதீர்கள். மாட்டிக்கொண்டால் கார்டை வெளியே எடுக்காமல், கோபானுக்குப் போய்ப் பேசலாம் என்று சொல்லுங்கள். கோபான் என்றால் தெருமுனைப் போலீஸ் கூடம். வெளியே விடாவிட்டால் அங்கிருந்தே போலீஸ் நம்பரான 110-ஐ அழையுங்கள். விலையை மறைப்பதையும் மிரட்டிப் பணம் வாங்குவதையும் தடுக்க 2000-ஆம் ஆண்டிலேயே டோக்கியோவில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பணத்தைக் கட்டிவிட்டுப் போய் நின்றால், இது உங்களுக்கும் கடைக்கும் நடுவில் உள்ள பணத் தகராறு என்று போலீஸ் சொல்லிவிடுவார்கள், எனக்கு அதுதான் நடந்தது.

ரயிலைத் தவறவிட்டால் கரோகே அறையிலோ காமிக்ஸ் படிக்கும் மாங்கா கபேயிலோ காலை 5 மணி வாக்கில் முதல் ரயில் வரும் வரை இருந்துவிடுங்கள். டாக்ஸிக்கு இரவு 10 மணியிலிருந்து 20 சதவீதம் கூடுதல். அப்புறம், வெளியே கிளம்பும் முன் கார்டின் செலவு வரம்பை ஆப்பில் குறைக்க முடிந்தால் குறைத்து வையுங்கள், நான் 10,000 யென்னில் வைத்திருக்கிறேன்.