மனோமின் சமைக்கும் முறை

கனடாவிலிருந்து சொந்தக்காரர் யாராவது மனோமின் என்ற காட்டரிசிப் பொதி அனுப்பினால் முதலில் நிறத்தைப் பாருங்கள். பண்ணையில் விளைந்தது கறுத்துப் பளபளக்கும். வேக முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். வட அமெரிக்கப் பழங்குடிகளான அனிஷினாபே மக்கள் ஏரியில் எடுத்து விறகு நெருப்பில் வறுத்தது மங்கிய பழுப்பு. அதற்கு 20 நிமிடம் போதும்.

ஏரியில் எடுப்பது தம்பலகாமத்து நெல் மாதிரி நட்டு எடுப்பதல்ல, நீரில் தானாக வளரும் புல்லின் விதை. செப்டெம்பர் வாக்கில் ஒருவர் தோணியைக் கழியால் தள்ள, மற்றவர் இரண்டு தடிகளால் கதிரை வளைத்து மெல்லத் தட்டுவார். தண்ணீரில் சிந்துவது பிறகு முளைக்கும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள வைட் ஏர்த் என்ற அனிஷினாபே சமூகம் இந்தச் செடிக்கே உரிமை உண்டென்று 2018இல் சட்டம் இயற்றியது. அவ்வளவு மதிப்பான தானியம், ஒரு மணியும் வீணாக்க வேண்டாம்.

ஒரு சுண்டுக்கு மூன்று சுண்டு தண்ணீர். நன்றாக அலசி, உப்புப் போட்டு, கொதித்ததும் நெருப்பைக் குறையுங்கள். மணி நீளவாக்கில் வெடித்து உள்வெள்ளை தெரிந்தால் சரி, இறக்கலாம். முழுக்கச் சுருண்டுவிட்டால் குழைந்துவிடும். மிச்சத் தண்ணீரை வடித்து, கொஞ்ச நேரம் மூடி வையுங்கள்.

நான் சொதியும் பாரைமீன் பொரியலும் வைப்பேன். அனிஷினாபே மக்களுக்கும் நீரிழிவு பெரிய தொல்லை. பழைய உணவுக்குத் திரும்புவதை அவர்கள் சுகாதார வேலையாகவே செய்கிறார்கள். ஆனாலும் சீனி வருத்தக்காரர் அளவோடு சாப்பிடுங்கள், இதிலும் மாச்சத்து உண்டு.

அடுத்த தடவை அனிஷினாபே குடும்பங்களே விற்கிறதை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். விலை கூடத்தான்.