சுற்றுச்சூழல் படிப்பு: சேலத்து மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க வருபவர்களில் பலர் மரம், மலை மேல் உள்ள பிரியத்தால் வருகிறார்கள். நல்ல பிரியம்தான். ஆனால் வேதியியல், புள்ளியியல், சட்டம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்போது, பாஸானால் போதும் என்று தள்ளிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையின் கழிவுநீரை ஆற்றில் விடலாமா என்று சொல்ல, அதன் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்று அளக்கத் தெரிய வேண்டும். நீர் மாசைத் தடுக்கும் 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் தெரிய வேண்டும். பிரியம் மட்டும் இருந்தால் அங்கே பேச முடியாது.

அதிகம் சறுக்குவது களத்தில். வெயில் ஏறிய பிறகு, சேலம் வழியாக ஓடும் திருமணிமுத்தாற்றுக்குப் போய், பாலத்தடியில் ஒரே ஒரு பாட்டில் மொண்டு வந்து, அதை வைத்தே முழு ஆற்றைப் பற்றியும் எழுதிவிடுகிறார்கள். நானும் இப்படி ஒரு தவறு செய்தேன். மதியம் இரண்டு மணிக்கு ஒரு ஏரியில் எடுத்த தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் நிறைய இருந்தது. ஏரி நலமாக இருப்பதாக எழுதினேன். "அப்ப விடியக்காலைல மீனெல்லாம் மேல வந்து வாயத் திறக்குதே, ஏன் தம்பி?" என்று கரையில் இருந்த மீன்காரர் கேட்டார். பச்சைப் பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதுவும் சேர்ந்து சுவாசிப்பதால் விடியும் முன் ஆக்சிஜன் அளவு மிகவும் குறைந்துவிடும். அதனால் விடியற்காலையிலும் எடுங்கள், மதியமும் எடுங்கள். ஆறு என்றால் சேர்வராயன் மலை அடிவாரத்தில் ஒன்று, நகருக்குள் ஒன்று, நகரைத் தாண்டி ஒன்று. மழைக்காலம், கோடைக்காலம், கிழங்கு அரவை நடக்கும் மாதம், நிற்கும் மாதம் என்று பிரித்து எடுங்கள். ஆக்சிஜன் அளக்க எடுக்கும் தண்ணீரைக் குமிழி இல்லாமல் மூடி, மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்து, ஆக்சிஜன் அளவு மாறாதபடி அந்த இடத்திலேயே நிலைப்படுத்த வேண்டும். ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஏற்காட்டில் வேறு மாதிரி ஏமாறுகிறோம். பச்சையாக இருப்பதெல்லாம் காடு இல்லை. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். மரங்களை எண்ணுவதோடு நிறுத்தாமல், என்ன இனம் என்றும் எழுதுங்கள்.

வேலை விஷயம்: மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணிக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். எம்.எஸ்ஸி. சேரும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, சேகோ ஆலையை வில்லனாக வைத்தே ஆய்வைத் தொடங்குவது. குச்சிக்கிழங்கு போட்ட விவசாயியும், கிழங்குத் தோல் உரிக்கும் பெண்களும் அந்த ஆலையை நம்பித்தான் இருக்கிறார்கள். அதே கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கலாம்; எடுத்தால் ஆற்றுக்குப் போகும் சுமையும் குறையும். கிழங்கு விலை, தண்ணீர்ச் செலவு, கூலி எல்லாவற்றையும் கணக்கில் எடுக்காமல் நிலைத்தகு வளர்ச்சி பற்றி எழுத முடியாது.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் வருத்தம் தருவது. கிணற்றடியில் வந்து தண்ணீர் எடுத்துப் போன மாணவர்கள் முடிவைச் சொல்லத் திரும்பி வருவதில்லை. ஆய்வேடு நூலகத்துக்குப் போய்விடும். அந்தக் குடும்பம் அதே தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருக்கும். ஒரே ஒரு பக்கம், தமிழில், குடிக்கலாமா கூடாதா என்று எழுதி அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.