ஏஐ வீடியோ: காசு கட்டும் முன் வீட்டிலேயே ஒத்திகை
ஏஐ வீடியோ செய்து பார்ப்பவர்களுக்குக் கட்டணச் சேவையில் கிரெடிட் கரைவது பெரும்பாலும், என்ன வீடியோ வேண்டும் என்று எழுதும் சொற்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதில்தான். அந்த ஒத்திகையை வீட்டுக் கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

8 ஜிபி நினைவகம் உள்ள என்விடியா கிராஃபிக்ஸ் கார்டே போதும். கணினியில் 32 ஜிபி ரேம் இருந்தால் இன்னும் நிம்மதி. ஏஐ மாடல்களை நம் கணினியிலேயே இயக்க உதவும் காம்ஃபியூஐ என்ற மென்பொருளை நிறுவி, அலிபாபா 2025 ஜூலையில் இலவசமாக வெளியிட்ட வான் 2.2 என்ற வீடியோ ஏஐயின் 5பி என்ற சிறிய மாடலை இறக்கிக்கொள்ளுங்கள். (அதைவிடப் பெரிய 14பி பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம், சிறிய கார்டு திணறும்.) முதலில் ஒரு நிலைப்படம் தயார் செய்து, அதையே தொடக்க ஃபிரேமாக, அதாவது வீடியோவின் முதல் படமாகக் கொடுங்கள். முகம், உடை, வெளிச்சம் எல்லாம் படத்திலேயே முடிவாகிவிடும். எழுதும் வரியில் அசைவையும் கேமரா நகர்வையும் மட்டும் சொல்லலாம். விநாடிக்கு 24 ஃபிரேம் என்பதால், சோதனைக்கு 49 ஃபிரேம், அதாவது 2 விநாடி வைத்தால் சீக்கிரம் முடியும். சீட் எண்ணை (வீடியோ உருவாக்கம் தொடங்கும் தற்செயல் எண்) அப்படியே வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள். எந்தச் சொல் வேலை செய்கிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

அசைவு சரியாக வந்ததும், அதே படத்தையும் வரியையும் கட்டணச் சேவையில் ஏற்றுங்கள். மாடலோ அளவோ மாறினால் அதே சீட் அதே வீடியோவைத் தராது. அதனால் படத்தைப் பத்திரமாகச் சேமித்து வையுங்கள்.