மாநகரங்கள் செலவுக்கேற்ற வாழ்வைத் தருகின்றனவா? அளந்து பார்க்கும் முறை

2021 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட எளிதான வாழ்க்கைக் குறியீட்டில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுள் பெங்களூரு முதலிடத்தையும் சென்னை நான்காம் இடத்தையும் பெற்றன. எந்த நகரத்தில் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்பதை இத்தகைய தரவரிசை சொல்லும். அந்த வாழ்க்கையைத் தர அந்நகரம் எவ்வளவு செலவழித்தது என்பதைச் சொல்லாது. வரி கட்டும் குடிமக்கள் அறிய வேண்டியது இரண்டாவதையே என்று நான் கருதுகிறேன்.

முதலில் செலவைத் தொகுக்க வேண்டும். பெரும்பாலான ஒப்பீடுகள் இங்கேதான் பிழைபடுகின்றன. மும்பை மாநகராட்சி குடிநீர் வழங்குவதோடு பெரிய மருத்துவமனைகளையும் தானே நடத்துகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியங்களின் பொறுப்பில் உள்ளன. ஆகவே மாநகராட்சிகளின் வரவு செலவுத் திட்டங்களை மட்டும் எடுத்து வைத்தால், மும்பை வீண்செலவு செய்வதாகவும் மற்ற இரண்டும் சிக்கனமாக இருப்பதாகவும் பொய்த்தோற்றம் எழும். நிறுவனத்தை விட்டுவிட்டுப் பணியைப் பின்தொடருங்கள்: குடிநீர், கழிவுநீர், குப்பை, சாலை, பூங்கா ஆகியவற்றுக்கு யார் செலவிட்டிருந்தாலும் அதைச் சேர்த்து, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துக்கொள்ளுங்கள். வகுக்கும்போது எல்லையையும் கவனியுங்கள். சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பழைய எல்லையின் மக்கள்தொகையால் புதிய எல்லையின் செலவை வகுத்தால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும்.

அடுத்து, விளைவுகள். தலைக்குக் கிடைக்கும் குடிநீர், சுத்திகரிக்கப்படும் கழிவுநீரின் விழுக்காடு, திறந்தவெளிப் பரப்பு, காற்றிலுள்ள பி.எம். 2.5 நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஆகிய நான்கு போதும். நுண்துகள் குறைவதே நன்மை என்பதால், அதை உள்ளீடுகளின் பக்கத்தில், அதாவது செலவோடு சேர்த்து, வைப்பது எளிய வழி.

இவற்றை ஒப்பிட, சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகியோர் 1978இல் வகுத்த டி.இ.ஏ. (Data Envelopment Analysis) முறை பொருந்தும். சிறப்பாகச் செயல்படும் நகரங்களை அளவுகோலாக வைத்து மற்றவற்றின் திறனை மதிப்பிடுவது இது. கற்பனையாக மூன்று நகரங்களைக் கொள்வோம். முதல் நகரம் ஆண்டுக்குத் தலைக்கு 5,000 ரூபாயில் நாளுக்கு 100 லிட்டர் குடிநீரும், இரண்டாவது 8,000 ரூபாயில் 120 லிட்டரும், மூன்றாவது 10,000 ரூபாயில் 120 லிட்டரும் தருகின்றன. மூன்றாவது நகரம் தரும் அதே நீரை இரண்டாவது நகரம் 8,000 ரூபாயில் தந்துவிடுவதால், முழுத் திறன் 1 என்றால் மூன்றாவதன் திறன் 0.8. இது மாறும் அளவுப்பயன் என்ற அனுமானத்தில், அதாவது செலவு கூடும் அதே விகிதத்தில் விளைவும் கூட வேண்டியதில்லை என்று கொண்டால், கிடைக்கும் மதிப்பு. தலைக்கணக்கில் அளக்கும்போது இதுவே ஏற்றது. உள்ளீடுகளும் விளைவுகளும் பலவாகும்போது எக்செலிலுள்ள சால்வர் என்ற கணக்குத் தீர்க்கும் கருவியைக் கொண்டு ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனியே கணக்கிடலாம். உள்ளீடு, விளைவு இரண்டின் மொத்த எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கு நகரங்களாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏறக்குறைய எல்லா நகரங்களும் 1 என்ற மதிப்பைப் பெற்றுவிடும்.

கிடைத்த எண்ணை உடனே தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். பெங்களூரு தன் காவிரி நீரைச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவருகிறது. மும்பை நீரின் கணிசமான பங்கு ஏரிகளிலிருந்து சரிவிலேயே வந்துவிடுகிறது. பெங்களூரின் மின்கட்டணத்துக்கு அதன் நிர்வாகத்தைக் குறை கூறுவது அநீதி. நீரேற்றும் செலவைத் தனியே பிரித்து, அதைச் சேர்த்து ஒரு முறையும் நீக்கி ஒரு முறையும் கணக்கிடுங்கள். பிறகு 1 பெற்ற நகரங்களை ஒவ்வொன்றாக விலக்கி மீண்டும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரே ஒரு நகரத்தை விலக்கியதும் மற்றவற்றின் மதிப்பு வெகுவாக உயர்ந்தால், அந்த நகரத்தின் தரவை மூல ஆவணத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே முடிவை வெளியிட வேண்டும்.