ஆங்கில நிகழ்கால வினையில் ‘எஸ்’ எங்கே வரும்? பர்மியத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வழி

பர்மாவில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் பர்மியமும் பேசுகிறார்கள். பாடத்தில் ஆங்கிலம் எழுதுகிறார்கள். பர்மிய வினை, செயலைச் செய்பவர் யார் என்று பார்த்து மாறுவதில்லை. ‘ஙா சா டே’ என்றால் நான் சாப்பிடுகிறேன், ‘தூ சா டே’ என்றால் அவன் சாப்பிடுகிறான்; இரண்டிலும் வினை ஒன்றுதான். தமிழிலோ ஏன், ஆன், ஆள், அது என்று இடத்துக்கொரு விகுதி உண்டு. ஆங்கிலம் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ‘எஸ்’ சேர்த்துவிட்டு, மற்ற இடங்களில் வினையை வெறுமனே விடுகிறது. ஆகவே ‘ஹீ ஈட்’ என்று எழுதும் பிள்ளையை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடுகிறான், சாப்பிடுகிறாள், சாப்பிடுகிறது என்று முடிந்தால் ‘ஈட்ஸ்’. சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறாய், சாப்பிடுகிறோம் என்று முடிந்தால் ‘ஈட்’.

இந்தச் சோதனையில் தமிழே நம்மை ஏமாற்றும் இடங்களும் உண்டு. பாட்டி மோஹிங்கா (பர்மிய நூடுல்ஸ் உணவு) செய்கிறார்கள் என்று மரியாதையாகச் சொல்லிப் பழகிய பிள்ளை, பன்மை என்று எண்ணி ‘மை கிராண்ட்மதர் மேக் மோஹிங்கா’ என்று எழுதிவிடும். ஆங்கில வினையில் மரியாதை விகுதி கிடையாது. ஆள் ஒருவர் என்றால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ‘மேக்ஸ்’ தான். ‘எல்லோரும்’ என்பது தமிழில் பன்மை, ஆனால் ‘எவ்ரிபடி’ ஆங்கிலத்தில் ஒருமை. அதனால் ‘எவ்ரிபடி நோஸ்’.

அஃறிணையில் சிக்கல் தலைகீழாக வருகிறது. பேச்சில் ‘கடையெல்லாம் திறக்குது’ என்று பன்மைக்கும் ஒருமை வினையையே போடுகிறோம். அதை அப்படியே கொண்டுபோனால் ‘த ஷாப்ஸ் ஓப்பன்ஸ்’ என்ற பிழை பிறக்கும். இங்கே பேச்சுத் தமிழை விட்டு, திறக்கின்றன என்ற எழுத்துத் தமிழைத் துணைக்கு அழைக்க வேண்டும். பெரும்பாலான சொற்களில் ‘எஸ்’ பெயரிலோ வினையிலோ ஓரிடத்தில்தான் நிற்கும்: ‘த ஷாப் ஓப்பன்ஸ்’, ‘த ஷாப்ஸ் ஓப்பன்’. ‘சில்ட்ரன்’ போல ‘எஸ்’ இல்லாத பன்மைக்கும், ‘பஸ்’, ‘நியூஸ்’ போல ‘எஸ்’ஸில் முடியும் ஒருமைக்கும் இந்தக் கணக்கு உதவாது.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் தடுமாறுவது நீண்ட எழுவாயில். ‘அனோரத்தா சாலையில் உள்ள கடைகள் திறக்கின்றன’ என்ற தமிழ் வாக்கியத்தில் தலைமைச் சொல்லாகிய ‘கடைகள்’ வினையை ஒட்டியே நிற்கிறது. ஆங்கிலத்தில் அது முன்னால் போய்விட, இடையில் வேறு பெயர் நுழைகிறது: ‘த ஷாப்ஸ் ஆன் அனோரத்தா ரோட் ஓப்பன் அட் நைன்’. பக்கத்தில் இருக்கும் ‘ரோட்’டைப் பார்த்து ‘ஓப்பன்ஸ்’ என்று எழுதக் கூடாது. அதேபோல் ‘த பிரைஸ் ஆஃப் ஆனியன்ஸ் சேஞ்சஸ் எவ்ரி டே’. தினமும் மாறுவது விலை, வெங்காயம் அன்று. ‘ஆஃப்’, ‘ஆன்’, ‘இன்’, ‘வித்’ ஆகியவற்றில் தொடங்கும் பகுதியைப் பென்சிலால் அடைத்துவிட்டு மிச்சத்தைப் படித்தால் எழுவாய் தெரிந்துவிடும்.

‘ஐ’க்கு ‘ஆம்’, ஒருமைப் படர்க்கைக்கு ‘இஸ்’, மற்றவற்றுக்கு ‘ஆர்’. ‘ஹேவ்’ என்பது ‘ஹேஸ்’ ஆகும். இவற்றை மனப்பாடம் செய்வதுதான் வழி. ‘டஸ்’ வந்தால் ‘எஸ்’ஸை அதுவே வாங்கிக்கொள்ளும் என்பதால் ‘ஷீ டஸ் நாட் லைக்’ என்றே எழுத வேண்டும். ‘கேன்’, ‘மஸ்ட்’ போன்றவற்றுக்குப் பின் ‘எஸ்’ஸுக்கு இடமில்லை.

காதுக்கும் பயிற்சி வேண்டும். பர்மியச் சொற்கள் ‘ஸ்’ ஒலியில் முடிவதில்லை. நாள் முழுவதும் அதைக் கேட்டு வளரும் பிள்ளை ‘ஒர்க்ஸ்’ என்பதை ‘ஒர்க்’ என்று விழுங்கி, விழுங்கியபடியே எழுதும். தன் அன்றாட வேலைகளை ‘ஐ’ என்று தொடங்கி ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். பிறகு அதையே ‘மை பிரதர்’ என்று மாற்றி எழுதி, ஒவ்வொரு வினையின் இறுதியும் கேட்கும்படி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ‘ஐ வாட்ச்’ என்பது ‘வாட்ச்சஸ்’ என்றும், ‘ஐ ஸ்டடி’ என்பது கடைசி ‘ஒய்’ எழுத்து ‘ஐ’யாக மாறி ‘ஸ்டடீஸ்’ என்றும் ஆவதை அந்தப் பத்தியிலேயே திருத்திக் காட்டலாம்.