அமெரிக்காவில் சைக்காலஜி மேற்படிப்பு: விண்ணப்பத்திலும் பணத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சைக்காலஜி பிஎச்டிக்கு எத்தனை லட்சம் ஆகும் என்றுதான் தமிழ்நாட்டிலிருந்து கேட்கும் பிள்ளைகளும் பெற்றோரும் பேச்சைத் தொடங்குகிறார்கள். நல்ல பிஎச்டி என்றால் கல்விக்கட்டணம் என்று நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை, அவர்கள்தான் உங்களுக்குத் தருவார்கள். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் வழக்கம் இதுதான்: கட்டணம் தள்ளுபடி, அதோடு வகுப்பெடுக்க உதவுவதற்கோ ஆய்வகத்தில் வேலை செய்வதற்கோ மாதாமாதம் ஸ்டைபெண்ட். இது தெரியாமல், தங்களிடம் இருக்கிற ஒரே வீட்டை அடமானம் வைக்கும் வரை போய்விடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஏன் யாரும் இதைச் சொல்வதில்லை? வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் பல கன்சல்டன்சிகளுக்கு, மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது. கட்டணம் கட்டும் மாணவர் வந்தால்தான் கமிஷன். கட்டணமே இல்லாத பிஎச்டி இடத்துக்கு யார் கமிஷன் தருவார்கள்? அதனால் அவர்கள் நீட்டும் பட்டியலில் சொந்தக் காசில் படிக்கும் மாஸ்டர்ஸ் படிப்புகளே நிறைந்திருக்கும். அந்தப் பட்டியலை மட்டும் நம்பி முடிவெடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

அடுத்தது, பிஎச்டியையும் சைடி (PsyD) என்ற பட்டத்தையும் ஒன்றாக எண்ணுவது. கிளினிக்கல் சைக்காலஜியில் இரண்டுமே முனைவர் பட்டம்தான், இரண்டை முடித்தவரும் ஈபிபிபி என்ற அதே தேர்வை எழுதி அதே உரிமம் வாங்கலாம். ஆனால் பிறந்த இடம் வேறு. 1949-ல் போல்டர் நகரில் நடந்த மாநாடு, ஆராய்ச்சியும் சிகிச்சையும் சேர்ந்த பயிற்சி வேண்டும் என்றது. பிஎச்டி அந்த வழியில் வருவது. 1973-ல் வெய்ல் (Vail) நகரில் நடந்த மாநாடு, சிகிச்சையை மையமாக வைத்த தொழில்முறைப் பட்டத்துக்கு ஒப்புதல் தந்தது; அதுதான் சைடி. ஆராய்ச்சி நிதி இருக்கும் இடத்தில் மாணவருக்கு ஸ்டைபெண்ட் கிடைக்கும், சிகிச்சைப் பயிற்சி மட்டும் பிரதானமாக இருக்கும் இடத்தில் மாணவரே கட்ட வேண்டும். பல தனியார் சைடி படிப்புகளில் ஆண்டுக் கட்டணமே 40,000 டாலரைத் தாண்டும். அதை நான்கு ஆண்டுக்குப் பெருக்கி, சாப்பாடு, வாடகை சேர்த்து, ரூபாயில் போட்டுப் பாருங்கள். சைடி மோசமான படிப்பு என்று சொல்லவரவில்லை, நல்ல சைடிகள் உண்டு, சிலவற்றில் உதவித்தொகையும் உண்டு. ஆனால் பிஎச்டி கிடைக்கவில்லை, சரி, இதிலாவது சேர்ந்துவிடுவோம் என்று கடனில் இறங்குவது வேறு விஷயம்.

இந்தக் கணக்கைப் போட ஒரு அருமையான கருவி இலவசமாகவே இருக்கிறது, பெரும்பாலானோர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. ஏபிஏ, அதாவது அமெரிக்க உளவியல் சங்கம், அங்கீகரித்த ஒவ்வொரு முனைவர் படிப்பும் தன் இணையதளத்தில் மாணவர் சேர்க்கை, பலன்கள் பற்றிய ஓர் அட்டவணையை வெளியிட்டே ஆகவேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், முடிக்க எத்தனை ஆண்டு ஆனது, நடுவில் எத்தனை பேர் விட்டுப்போனார்கள், கட்டணம் எவ்வளவு, இன்டர்ன்ஷிப் எத்தனை பேருக்குக் கிடைத்தது, உரிமம் வாங்கியவர்கள் எத்தனை சதவீதம், எல்லாம் அதில் இருக்கும். ஒரு படிப்பில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் பாதியில் கிளம்பியிருக்கிறார்கள் என்று அந்த அட்டவணை காட்டினால், விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். ஒன்று கவனிக்க வேண்டும்: ஏபிஏ அங்கீகாரம் கிளினிக்கல், கவுன்சலிங், ஸ்கூல் சைக்காலஜி போன்ற சிகிச்சை சார்ந்த பிரிவுகளுக்குத்தான். காக்னிட்டிவ், சோஷியல், டெவலப்மென்டல் பிரிவுகளுக்கு அப்படி ஒன்று கிடையாது, அதனால் அங்கே அங்கீகாரம் இல்லையே என்று பயந்து நல்ல இடத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

பிஎச்டிக்கு முன்னால் கட்டாயம் மாஸ்டர்ஸ் வேண்டும் என்ற நம்பிக்கையும் பலருக்குக் காசைக் கரைக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான சைக்காலஜி பிஎச்டிகளில் இளங்கலை முடித்ததும் நேரே சேரலாம், எம்.ஏ. நடுவில் வந்துவிடும். நம் மூன்று வருட பி.எஸ்சி.யைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில நான்கு வருடம் கேட்கும், அதை ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். நான்கு வருடம் கேட்கிறார்கள் என்பதற்காக அமெரிக்காவில் சொந்தக் காசில் இரண்டு வருட மாஸ்டர்ஸ் படிக்க வேண்டியதில்லை. இங்கேயே அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்சி. முடித்து, அந்த இரண்டு வருடத்தில் ஓர் ஆராய்ச்சியில் ஒழுங்காக வேலை செய்துவிட்டுப் போனால் செலவில் பெரிய வித்தியாசம், விண்ணப்பமும் வலுவாக இருக்கும். அங்கேதான் மாஸ்டர்ஸ் வேண்டும் என்றால், பணம் தரும் மாஸ்டர்ஸும் கொஞ்சம் உண்டு: வேக் ஃபாரஸ்ட், வில்லியம் அண்ட் மேரி போன்ற இடங்களில் சைக்காலஜி மாஸ்டர்ஸ் மாணவர்கள் பலருக்குக் கட்டணச் சலுகையோ உதவித்தொகையோ கிடைக்கிறது. இன்னொரு பக்கம், பொதுவான சைக்காலஜி மாஸ்டர்ஸ் முடித்தால் தெரபிஸ்ட் ஆகிவிடலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக முடியாது. உரிமத்துக்கென்று அமைந்த கவுன்சலிங் மாஸ்டர்ஸ் வேறு, எம்.எஸ்.டபிள்யூ. வேறு, எந்த மாநிலத்தில் எந்தப் பட்டத்துக்கு உரிமம் என்பதை அந்த மாநில உரிமக் குழுவின் விதிகளில் படித்துவிட்டுத்தான் காசு கட்ட வேண்டும்.

இனி விண்ணப்பம். பல்கலைக்கழகத்தின் பேரைப் பார்த்து விண்ணப்பிப்பது இந்தத் துறையில் கிட்டத்தட்ட வீண் வேலை. பெரும்பாலான பிஎச்டிகளில், கிளினிக்கலில் குறிப்பாக, உங்களைத் தேர்ந்தெடுப்பது ஒரு பேராசிரியர், தன் ஆய்வகத்துக்காக. அவர் அந்த ஆண்டு மாணவர் எடுக்கவில்லை என்றால் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இடமில்லை. இந்த விவரம் அவருடைய பக்கத்திலேயோ துறையின் பக்கத்திலேயோ பெரும்பாலும் போட்டிருக்கும், இல்லாவிட்டால் நாலு வரியில் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். இதைப் பார்க்காமல் பத்து இடத்துக்கு விண்ணப்பித்து, ஒவ்வொன்றுக்கும் கட்டணம், மதிப்பெண் அனுப்பும் செலவு, அதற்கு முன்னால் ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வுக்குக் கட்டணம் என்று கொட்டுகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு ஜிஆர்இ கேட்காத துறைகள் நிறைய. முதலில் பட்டியல், அப்புறம்தான் தேர்வுக்குப் பணம்.

எஸ்ஓபி, அதாவது ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரை, அதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், நல்ல பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் அது. சைக்காலஜி மேற்படிப்புச் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம், எந்த விஷயம் ஒரு நல்ல விண்ணப்பத்தையே கெடுத்தது என்று கேட்டு 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் சொன்னதில் முக்கியமானது, சொந்த மனநலப் பிரச்சினைகளை விரிவாக எழுதுவதும், அளவுக்கு மீறி அந்தரங்கத்தைத் திறப்பதும், எல்லோருக்கும் உதவ வேண்டும் என்ற ஆசையை மட்டுமே காரணமாகக் காட்டுவதும். நம்மூரில் இருந்து போகும் எஸ்ஓபிகளில் இதே மூன்றும் அடிக்கடி வருகின்றன. டிப்ரஷனில் இருந்து மீண்டவர் அதைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமே இல்லை, அந்த அனுபவம் உங்களை நல்ல சிகிச்சையாளராக்கவும் கூடும். ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் குழு தேடுவது, நீங்கள் என்ன ஆராய்ச்சிக் கேள்வி வைத்திருக்கிறீர்கள், இதுவரை என்ன செய்தீர்கள், ஏன் இந்தப் பேராசிரியர் என்பதைத்தான். தரவை எப்படிச் சேகரித்தீர்கள், எது சரியாக வரவில்லை, அதிலிருந்து என்ன கேள்வி எழுந்தது என்று எழுதினால் போதும், அதற்கே இரண்டு பக்கம் பத்தாது.

பரிந்துரைக் கடிதங்களும் அப்படியே. நீயே எழுதிக் கொண்டு வாப்பா, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லும் ஹெச்ஓடிகள் நம்மிடம் உண்டு. மூன்று கடிதமும் ஒரே ஆள் எழுதின மாதிரி இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். பதவி பெரிதோ சின்னதோ, உங்கள் ஆராய்ச்சி வேலையை நேரில் பார்த்தவர் எழுதும் கடிதத்துக்குத்தான் மதிப்பு. பல கிளினிக்கல் படிப்புகளுக்குக் கடைசித் தேதி டிசம்பர் 1-ஐ ஒட்டி வரும், ஆகஸ்டிலேயே அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு மாணவர் என்பதால் மட்டும் மூடியிருக்கும் கதவுகளை முன்கூட்டியே தெரிந்து வைப்பது அவசியம். அமெரிக்க அரசின் கல்விக்கடன் நமக்குக் கிடையாது. என்எஸ்எஃப், அதாவது அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை, தரும் புகழ்பெற்ற ஆய்வு உதவித்தொகை குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும்தான். கிளினிக்கல் படிப்பின் கடைசியில் ஒரு வருட இன்டர்ன்ஷிப் கட்டாயம். அதற்கு நிறைய இடங்கள் வைத்திருக்கும் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் அமெரிக்கக் குடிமக்களை மட்டுமே எடுக்கின்றன. ஆகவே வெளிநாட்டு மாணவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் செய்தார்கள் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். படித்தபின் வேலைக்கும் இப்படி ஒரு வித்தியாசம்: காக்னிட்டிவ், டெவலப்மென்டல், சோஷியல் பிரிவுகள் ஸ்டெம் என்ற அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளின் அரசுப் பட்டியலில் இருப்பதால், மாணவர் விசாவிலேயே வேலை செய்ய விடும் ஓபிடி அனுமதியை ஒரு வருடத்தோடு இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கலாம், கிளினிக்கல் அந்தப் பட்டியலில் இல்லை.

முழு நிதி கிடைத்தாலும் கைப்பணம் வேண்டும். ஆகஸ்டில் போய் இறங்கினால் முதல் ஸ்டைபெண்ட் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில்தான் வரும், அதற்குள் வாடகை முன்பணம், பாத்திரம், போர்வை, விசா செலவு என்று கரைந்திருக்கும். சில இடங்களில் ஸ்டைபெண்ட் ஒன்பது மாதத்துக்குத்தான், கோடையில் தனியாக ஏற்பாடு வேண்டும். கட்டணம் தள்ளுபடி என்றாலும் மாணவர் கட்டணங்களும் மருத்துவக் காப்பீடும் அதில் அடங்காமல் போகலாம். ஸ்டைபெண்டுக்கு வரி உண்டு. இந்திய மாணவர்களுக்கு மட்டும் இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவு நிலையான கழிவைத் தருகிறது, அதைக் கோராமல் விட்டுப் பணத்தை இழக்காதீர்கள்.

கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், 7.5 லட்சத்துக்கு மேல் வங்கிகள் பொதுவாகப் பிணை கேட்கும், படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் சொந்தப் பணத்தை அனுப்பினால் டிசிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், வங்கிக் கல்விக்கடனாகப் போனால் பிடிப்பதில்லை. திரும்பி வந்து இங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக வேலை செய்ய ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், பதிவு வேண்டும், அமெரிக்கப் பட்டம் இருந்தால் அது தானாக வந்துவிடாது. அந்த எதிர்பார்ப்பில் கடன் வாங்குகிறவர்கள் முதலில் ஆர்சிஐயிடம் விசாரித்துவிடுங்கள்.

இடம் கிடைத்ததும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுவது கடைசித் தவறு. நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு, பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அந்த உடன்பாட்டில் கையெழுத்திட்டவை. அந்த நாட்களில் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை வருடத்துக்கு நிதி உறுதி, கோடைக்கு என்ன, காப்பீடு யார் கட்டுவது, பேராசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் என் நிதி என்னாகும். கேட்டால் இடம் போய்விடுமோ என்று நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள், அங்கே இதை எல்லோரும் கேட்பார்கள், அவர்களும் பதில் தயாராகத்தான் வைத்திருப்பார்கள். அதே ஆய்வகத்தில் இப்போது படிக்கும் மாணவர்களிடமும், முடிந்தால் பேராசிரியர் இல்லாத நேரத்தில், இதே கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.